"கட்டுரைக்கு அதெல்லாம் தேவையில்லம்மா!" - பிள்ளைகளைச் சொந்தமாக எழுத வைப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஹோம் ஒர்க் என்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் என் மகள், அன்று கட்டுரை நோட்டைத் திறந்து மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தாள். ஏழாம் வகுப்பு. தலைப்பு, 'நூலகத்தின் பயன்கள்'. தலை நிமிராமல் ஒன்றரைப் பக்கம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் கச்சிதம். நடுவில் ஒரு குறள். கடைசி வரி, 'நூலகம் போற்றுவோம், அறிவை வளர்ப்போம்.'

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"நம்ம ஊர் லைப்ரரியை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

"தெரியாது."

"ஒரு புக்கை எத்தனை நாள் வச்சுக்கலாம்?"

"நான் அங்க போனதே இல்லியேம்மா."

"போகாமலா ஒன்றரைப் பக்கம் எழுதுன?"

பேனாவைக் கீழே வைக்காமலே பதில் வந்தது. "கட்டுரைக்கு அதெல்லாம் தேவையில்லம்மா!"

அவள் சொன்னதில் பொய்யில்லை. பக்கத்து பெஞ்சுத் தோழியின் நோட்டிலும் அதே ஒன்றரைப் பக்கம்தான், அதே குறள்தான். எல்லோரும் ஒரே நோட்ஸிலிருந்து மனப்பாடம் செய்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். திட்டும் தகுதி எனக்கு இல்லை என்பது ஞாபகம் வந்தது.

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டது. 'நீங்க நல்லா எழுதுவீங்களே' என்று மனு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டிகளில் டிபன் பாக்ஸும் சோப்பு டப்பாவும் பரிசு வாங்கியவள் நான். 'சுகாதாரம் மனித வாழ்வின் இரு கண்களில் ஒன்று' என்று ஆரம்பித்து ஒரு முழுப் பக்கம் எழுதினேன். அலுவலகத்தில் மனு வாங்கும் அம்மா பொறுமையாகப் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க. எந்தத் தெரு? அடைப்பு எந்த வீட்டுக்கிட்ட? எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார்.

மூன்றில் ஒன்றுகூட என் மனுவில் இல்லை. அங்கேயே நின்றபடி, மனுவின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். ஆள் வந்து அடைப்பு எடுத்தது அந்த நாலு வரிக்காகத்தான்.

ஒரு விஷயத்தை, அது தெரியாத ஒருவருக்கு, உள்ளது உள்ளபடி, புரிகிற மாதிரி எடுத்துச் சொல்வது. தகவல் கட்டுரை என்பது இவ்வளவுதான். பத்து வருஷம் கட்டுரை எழுதி மார்க் வாங்கிய எனக்கு அது வரவில்லை. என் மகளுக்கும் வராமல் போய்விடுமோ என்ற பயம் அன்றைக்குத்தான் வந்தது.

கையில் காசு இல்லாமல் செலவு

எங்கள் தெருமுனையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். நடுநிலைப் பள்ளியிலேயே காலம் முழுக்க வேலை பார்த்தவர். தெருவுக்கே அவர் 'ஐயா'. நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பிள்ளைக்கு எழுத வராம இல்லம்மா. சொல்றதுக்குத்தான் ஒண்ணும் இல்ல. கையில காசு இல்லாதவளைச் செலவு பண்ணச் சொன்னா என்ன பண்ணுவா? கடன் வாங்குவா. நோட்ஸ்லேர்ந்து வாங்கியிருக்கா."

முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்கிற சட்டகத்தில் தப்பு ஏதும் இல்லை என்பது அவர் கட்சி. சோறு ஆக்கிய பிறகு தட்டு எடுத்து வைப்பது போல, அது கடைசியில் வர வேண்டியது. நாம் பிள்ளைகள் முன்னால் முதலில் தட்டை வைத்துவிட்டு 'சாப்பிடு' என்கிறோம். தலைப்புகளையும் பாருங்கள்: 'நீர்', 'மரம்', 'நாட்டுப்பற்று'. பெரியவர்களுக்கே பத்து வரிக்கு மேல் மூச்சு வாங்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

"தலைப்பு கொடுக்காதம்மா. ஒரு கேள்வி கேட்கச் சொல்லு. அவளுக்கு நெசமாவே பதில் தெரியாத கேள்வியா இருக்கணும். வீட்டுக்குள்ளேயோ தெருவுலேயோ போய்க் கேட்டு, பார்த்துத் தெரிஞ்சுக்கிற மாதிரி சின்னக் கேள்வியா இருக்கணும்."

கேள்வி தானாக வந்து சேர்ந்தது. மார்கழிக் குளிர். முதல் நாள் ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு, காலையில் பார்த்தால் வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. அன்றைக்கு ரவை உப்புமா. தட்டைப் பார்த்த கோபத்தில் மகள் கேட்டாள்: "இந்த மாவு ஏன் இன்னிக்குப் பொங்கல? மத்த நாள் மட்டும் ஏன் பொங்குது?"

"அதையே எழுது" என்றேன்.

"இதெல்லாம் ஒரு கட்டுரையாம்மா?" என்றாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மூன்று கட்டம், மூன்று டம்ளர்

ஐயா சொன்னபடி, ஒரு தாளை மூன்றாக மடித்தோம். முதல் கட்டத்தில், இப்போதே தெரிந்தது. இரண்டாவதில், தெரிந்துகொள்ள வேண்டியது. மூன்றாவது காலி, தெரிந்துகொண்ட பிறகு நிரப்ப வேண்டியது. இது ஐயாவின் கண்டுபிடிப்பு இல்லை. டோனா ஓகிள் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986-ல் எழுதிய முறை. உலகம் முழுக்க வகுப்பறைகளில் இருக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு தாளும் ஒரு பென்சிலும்தான்.

மகளின் முதல் கட்டத்தில் மூன்று வரிதான் விழுந்தது. 'நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து. கொஞ்சம் வெந்தயம். ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் பொங்கும்.' தினம் தின்கிற இட்லியைப் பற்றித் தனக்கு மூன்று வரிதான் தெரியும் என்று அவள் கண்ணால் பார்த்தாளே, பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிட்டது என்பேன். இரண்டாவது கட்டம் கிடுகிடுவென நிறைந்தது. பொங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? ஏன் புளிக்கிறது? குளிருக்கும் மாவுக்கும் என்ன சம்பந்தம்? அரிசி மாவை மட்டும் வைத்தால் பொங்குமா?

இனி விசாரணை. முதல் சாட்சி, என் மாமியார்.

"ஏன் அப்பாயி மாவு பொங்குது?"

"கை ராசிடி கண்ணு. நான் கரைச்சா பொங்கும். உங்கம்மா கரைச்சா அப்படியே கெடக்கும்."

அதையும் அப்படியே குறித்துக்கொண்டாள், 'அப்பாயி சொன்னது' என்று பெயர் போட்டு. இது முக்கியம். யார் சொன்னது என்பதைப் பக்கத்திலேயே எழுத வேண்டும். எட்டாம் வகுப்புக்குள் இந்தப் பழக்கம் வந்துவிட்டால், பின்னால் வாட்ஸ்அப்பில் வருகிற எதையும் அப்படியே நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது சாட்சி, மாவு அரைத்து விற்கும் கடை அண்ணன். "வெயில் காலத்துல சாயங்காலம் அரைச்சா ராத்திரியே பொங்கி வழிஞ்சிடும் பாப்பா. குளிர்ல மதியமே அரைச்சு வச்சிடுவேன்" என்றார். மூன்றாவது, செல்போன். அதில் ஒருவர் வெந்தயம்தான் காரணம் என்கிறார். இன்னொருவர் உப்பு என்கிறார். மகள் குழம்பிப்போய் வந்து நின்றாள்.

"ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்கம்மா. எதை எழுத?"

இந்த இடத்தில்தான் நாம் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடுவோம். எனக்கும் நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, "நீயே வச்சுப் பாரேன்" என்றேன்.

ஒரே மாவை மூன்று டம்ளர்களில் ஊற்றினாள். ஒன்று ஃப்ரிட்ஜில். ஒன்று ஜன்னலோரம். ஒன்று அடுப்பு மேடை ஓரம், கதகதப்பில். மாவு நிற்கும் இடத்தில் ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு ரப்பர் பேண்ட். நாலாவதாக அப்பாயி கையால் கரைத்தது ஒன்று, அப்பாயிக்குத் தெரியாமல் கரண்டியால் கலக்கியது ஒன்று, இரண்டும் அடுப்பு மேடையில் பக்கத்தில் பக்கத்தில்.

காலையில் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினால் எழாதவள், எனக்கு முன்னால் எழுந்து சமையலறையில் ஸ்கேலோடு நின்றாள். ஃப்ரிட்ஜ் டம்ளர் ரப்பர் பேண்டைத் தாண்டவில்லை. ஜன்னலோரத்து மாவு லேசாக ஏறியிருந்தது. அடுப்பு மேடை மாவு விளிம்பைத் தொட்டிருந்தது. கையால் கரைத்ததும் கரண்டியால் கலக்கியதும் ஒரே உயரம். அப்பாயி அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

காரணத்தைத் தேடி ஐயா வீட்டு அலமாரிக்கும் பிறகு போனுக்கும் போனாள். உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணுயிர்கள்தான் வேலைக்காரர்கள். அதில் முக்கியமான ஒன்றின் பெயர் லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ். அவை மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே விடுகின்றன. அமிலத்தால் புளிப்பு, வாயுவால் பொங்கல். உளுந்தின் கொழகொழப்பு அந்தக் குமிழிகளை வெளியே ஓடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. குளிர் அதிகமானால் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடுகின்றன. மாவுக்கடை அண்ணன் மதியமே அரைப்பதன் ரகசியம் அதுதான்.

முதல் பாராவை மூடிக்கொண்டு படி

நாலு நாள் ஓடிவிட்டது. இன்னும் ஒரு வரி கட்டுரை எழுதவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னும் ஒரு வேலை பாக்கி" என்றார் ஐயா. சேர்த்த விஷயங்களை எல்லாம் துண்டுச் சீட்டுகளில், சீட்டுக்கு ஒன்றாக எழுதச் சொன்னார். பதினெட்டுச் சீட்டுகள். அவற்றைத் தரையில் பரப்பி, எது முன்னால், எது பின்னால் என்று அடுக்கினாள். புளிப்பும் பொங்கலும் ஒரு குவியல். குளிரும் வெயிலும் ஒரு குவியல். ஒரு சீட்டு எந்தக் குவியலிலும் சேரவில்லை: 'கிரைண்டர் வாங்கியது எந்த வருஷம்.' அதைத் தூக்கி ஓரமாக வைத்தாள். கஷ்டப்பட்டுச் சேர்த்ததை விட்டுவிட மனசு வராமல், அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுத உட்கார்ந்தாள். சீட்டுகளைப் பார்க்கலாம், புத்தகத்தையும் போனையும் திறக்கக் கூடாது என்பது ஐயா போட்ட ஒரே சட்டம். எதிரில் புத்தகம் திறந்திருந்தால் கை தானாகக் காப்பியடிக்கும். மூடி வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்லிப் பார்த்து, பிறகு எழுதினால் வாக்கியம் தன்னுடையதாகவே வரும்.

அப்படியும் முதல் வரி எப்படி வந்தது தெரியுமா? 'இட்லி தமிழர்களின் பாரம்பரிய உணவாகும். உணவின்றி உயிர் வாழ இயலாது.' பழைய பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

ஐயா சிவப்புப் பேனாவைத் தொடவே இல்லை. "முதல் பாராவைக் கையால மூடிக்கிட்டுப் படி" என்றார். படித்தாள். எதுவும் குறையவில்லை. தானே அடித்துவிட்டாள். இப்போது கட்டுரை இப்படித் தொடங்குகிறது:

'டிசம்பர் மாதம் ஒரு நாள் எங்கள் வீட்டு மாவு பொங்கவில்லை. அன்று உப்புமா. எனக்கு உப்புமா பிடிக்காது. அதனால் மாவு ஏன் பொங்குகிறது என்று கண்டுபிடிக்க முடிவு செய்தேன். அப்பாயி கை ராசி என்றார். அதை நான் இரண்டு டம்ளர் வைத்துச் சோதித்தேன்.'

எதிர்வீட்டு மூன்றாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் படித்துக் காட்டினாள். அவன் எங்கே முழிக்கிறானோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. 'நொதித்தல்' என்ற இடத்தில் முழித்தான். 'மாவுக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் சர்க்கரையைத் தின்று காற்றை விடுகின்றன. இதற்கு நொதித்தல் என்று பெயர்' என்று மாற்றினாள். தெரியாத வார்த்தையை விளக்க வேண்டும் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருந்தாலும் இது நடந்திருக்காது. அவன் முழித்த முழிதான் அவளுக்கு வாத்தியார்.

எழுத்துப்பிழைகள்? இருந்தன, ஏராளமாக. 'பொங்குகிறது' ஓரிடத்தில் 'பொங்குகிரது' ஆகியிருந்தது. ல, ள, ழ மூன்றும் இஷ்டத்துக்கு இடம் மாறியிருந்தன. ஒற்றெழுத்து பாதி இடத்தில் காணோம். முதல் நாளே அதையெல்லாம் வட்டம் போட என் கை பரபரத்ததை ஐயா பார்த்துவிட்டார். "விஷயம் முழுசா வந்து விழட்டும். பிழையெல்லாம் கடைசில ஒரு நாள் உட்கார்ந்து பார்ப்போம். இப்பவே வட்டம் போட்டா, நாளைக்கு அவளுக்குத் தெரிஞ்ச சுலபமான வார்த்தையா மட்டும் பார்த்து எழுதுவா." அந்தப் பயம் எனக்கும் இருந்திருக்கிறது. 'ற' வருமா 'ர' வருமா என்ற சந்தேகத்தில் எத்தனை வார்த்தைகளைத் தவிர்த்திருக்கிறேன்!

இந்த நாட்களில் ஐயா வீட்டு அலமாரி எங்கள் வீட்டுப் பொக்கிஷமாகிவிட்டது. தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் பழைய தொகுதிகள் அவரிடம் இருக்கின்றன. பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கியது. முதல் தொகுதி 1954-ல் வந்தது. பத்துத் தொகுதிகளும் முடிந்த கையோடு, 1968 முதல் 1976 வரை, குழந்தைகளுக்கென்றே தனியாகப் பத்துத் தொகுதிகள் கொண்டுவந்தார்கள். இரண்டையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் போனிலேயே இலவசமாகப் படிக்கலாம். தகவல்கள் பழையவைதான். ஆனால் ஒரு விஷயத்தைச் சின்ன வாக்கியங்களில் எப்படிச் சொல்வது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை. வக்கீலாக இருந்துகொண்டே தமிழில் அறிவியல் எழுதிய பெ.நா.அப்புசாமியின் கட்டுரைகளும் அப்படித்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் என்றால், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைக்குமாகப் பள்ளிக்கல்வித் துறை கொண்டுவரும் 'தேன்சிட்டு' இதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஏஐ செயலியிடம் கேட்டால் பத்து நொடியில் கட்டுரை வந்துவிடுமே என்று என் கணவர் சொன்னார். கேட்டும் பார்த்தோம். 'இட்லி தென்னிந்தியாவின் பாரம்பரிய உணவாகும்' என்று ஆரம்பித்தது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இதையும் கையால மூடணும்பா!"

எட்டுக்கு ஐந்து

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேர்வு என்று ஒன்று இருக்கிறதே.

அடுத்த தேர்வில், 'மரம் வளர்ப்போம்' என்று கட்டுரை. குறிப்புகளும் கொடுத்திருந்தார்கள். மகள் எங்கள் வீட்டு வாசல் வேப்பமரத்தைப் பற்றி எழுதியிருந்தாள். அதன் நிழலில் யார் யார் வண்டி நிறுத்துகிறார்கள், போன வருஷம் பக்கத்து வீட்டு மரத்தை வெட்டிய பிறகு அந்த வீட்டுத் திண்ணையில் மதியம் யாரும் உட்காருவதில்லை என்றெல்லாம். வழக்கமாக எட்டுக்கு ஏழு வாங்குபவளுக்கு ஐந்து. ஓரத்தில் சிவப்பில், 'மேற்கோள் இல்லை.'

"நோட்ஸைப் பார்த்தே எழுதியிருக்கலாம்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

பெற்றோர் கூட்டத்தில் தமிழம்மாவிடம் பேசினேன், கொஞ்சம் சூடாகவே. அவர் மறைக்கவில்லை. "நாற்பது பிள்ளைங்க, அஞ்சு செக்‌ஷன். இருநூறு பேப்பர். மேற்கோள் இருக்கா, உட்தலைப்பு இருக்கான்னுதான் என்னால பார்க்க முடியுது. உட்கார்ந்து படிச்சா நானும் ஏழு போட்டிருப்பேன்."

அவர் மேல் எனக்கிருந்த கோபம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, அவர் மேல் இல்லை, அந்த இருநூறு மேல். பையிலிருந்த இட்லி மாவுக் கட்டுரையை எடுத்து நீட்டினேன். "வச்சிருந்து தரட்டுமா?" என்று வாங்கிக்கொண்டார்.

வீட்டில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். தேர்வில் அவர்கள் தரும் உட்தலைப்புகள் இருக்கட்டும், ஒரு குறளும் இருக்கட்டும். ஒவ்வொரு உட்தலைப்புக்குக் கீழேயும் அவள் பார்த்தது, கேட்டது என்று ஒன்றாவது இருக்க வேண்டும். வேப்பமரம் உள்ளே வரலாம், சட்டை போட்டுக்கொண்டு.

இரண்டு வாரம் கழித்து மகள் ஓடிவந்தாள். தமிழம்மா அவள் கட்டுரையை வகுப்பில் படித்தாராம். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, ஆளுக்கு ஒரு கேள்வி எழுதி வரச் சொல்லியிருக்கிறாராம். எல்லோர் கேள்வியையும் மகள் நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்தாள். பல்லி சுவரிலிருந்து ஏன் விழுவதில்லை? பஸ்ஸில் கடைசி சீட் மட்டும் ஏன் தூக்கிப் போடுகிறது? ஏடிஎம்மில் பணம் தீர்ந்தால் மெஷின் யாருக்குச் சொல்லும்? முறுக்கில் ஓட்டை எதற்கு?

கடைசி பெஞ்சில், கட்டுரை நோட்டே சரியாக எழுதாத ஒரு பெண் எழுதியது: 'எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் நான்கு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது?'

அந்தக் கட்டுரை இன்னும் முடியவில்லையாம். மேல்நிலைத் தொட்டியில் வால்வு திறக்கும் அண்ணன் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் அங்கே இருப்பார். வருகிற சனிக்கிழமை அந்தப் பெண் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, நோட்டோடு போகப்போகிறாள்.